குசினிச் சுவரில் ஒட்டிய பெட்டி

காய்ச்சல் ஒன்று வந்து போனபின் என் கூடப்பிறந்த ராத்தாவுக்கு மணம் தெரியாது. கருவாடு கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. அதனால்தான் சாய்ந்தமருதில் அவருடைய குசினிச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டினேன். கேஸ் பட்டால் கத்தும் பெட்டி. ஆய்வுகூடத்தில் நானே செய்தது.

உள்ளே சூடான வெள்ளீய ஒட்சைட்டுப் படலம். அதன்மேல் பலேடியம் அணுக்கள் சில சில சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத கொத்துகள். அவை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து அடியிலுள்ள ஒட்சைட்டின் மேற்பரப்பிலிருந்து இலத்திரன்களை இழுத்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓடத் திணறும். கேஸோ அல்கஹோல் ஆவியோ வந்தால் அந்த ஒட்சிசன் எரிந்து தீரும், இலத்திரன்கள் திரும்பி வரும், மின்சாரம் பாயும், பெட்டி கத்தும். கொத்து இல்லாத ஒட்சைட்டு மந்தம். என் படிப்பு முழுக்க இதுதான்.

முதல் வெள்ளிக்கிழமையே கத்தியது. ராத்தாவின் கணவர் மச்சான் ஜும்ஆவுக்குப் புறப்பட்டு, அத்தர் பூசிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வந்திருந்தார்.

“அல்கஹோல் இல்லாத அத்தர் எண்டுதானே வாங்கினீங்க?” என்று ராத்தா கேட்டார்.

“கடைக்காரன் சத்தியம் பண்ணித் தந்தான்.”

“பெட்டி வேற மாதிரிச் சொல்லுதே.”

“உன்ட தங்கச்சிட பெட்டிக்குப் பள்ளிக்குப் போற ஆக்களில கோவம்.”

அடுத்த வெள்ளியும் கத்தியது. மச்சான் அதைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தருக்குக் கத்தாதிருக்க உள்ளே ஒரு திருகை லேசாகத் திருப்பிவிட்டு, சிலிக்கோன் பசை வாங்கி நாலு பக்கமும் அப்பிச் சுவரோடு ஒட்டினேன்.

“இனி ஆர் கழட்டுறீங்க எண்டு பாப்பம்,” என்றேன்.

குசினி முழுக்கப் பசையின் வினாகிரி மணம். ராத்தாவுக்கு அதுவும் தெரியவில்லை.

அதன்பின் அத்தருக்குப் பெட்டி கத்தவில்லை. திருகைத் திருப்பியதால்தான் என்று பெருமையடித்தேன்.

ஒரு காலை, கடற்கரையில் மீன் வாங்கி வந்த மச்சானுக்கு வாசலிலேயே கேஸ் மணத்திருக்கிறது. மீனை எறிந்துவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. ராத்தாவின் கையில் இன்னும் தட்டாத லைட்டர். சுவரில் பெட்டி, பச்சை விளக்கு எரிய, சத்தமில்லாமல் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் முற்றத்தில் நின்றார். “என்ன புள்ள, அத்தருக்குக் கத்தின வாய் கேஸுக்குத் திறக்கல்லயே?”

“அவள ஏசாதீங்க,” என்றார் ராத்தா. “பெட்டி சும்மாதானே இருந்த. அதான் லைட்டர எடுத்தன்.”

சிலிக்கோன் காயும்போது விடும் ஆவி, சூடான கொத்துகளின்மேல் கண்ணாடித் தோலாகப் படியும். பிறகு அவற்றால் ஒட்சைட்டை ஒன்றும் செய்ய முடியாது. எனக்குத் தெரியாததா? சிலிக்கோன் கலந்த எதையும் தலையில் பூசிக்கொண்டு வரவேண்டாம் என்று ஆய்வுகூட வாசலில் பிள்ளைகளை விரட்டுகிறவளே நான்தான். கோபத்தில் மறந்தேன். வேறு காரணம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டியைக் கழற்றப் போனேன். வரவில்லை. கத்தி கொடுத்து நெம்பினேன். சாந்து பெயர்ந்து அடுப்பெல்லாம் கொட்டியது. ராத்தா தும்புத்தடி எடுத்து வந்து கூட்டினார்.