கப்பல் அண்ணன், கப்பல் தங்கை

புளித்த ரப்பர்ப் பாலின் வாடை அடித்தால் மற்றவர்களுக்குக் குமட்டும், எனக்கோ சிரிப்புதான் வரும்; என் அக்கா அஞ்சலை தன் கல்யாணத்தை வாயாலேயே ஜெயித்த நாளில் எங்கள் 'லயம்' என்கிற கூலி வீட்டு வரிசை முழுக்க அந்த வாடைதான்.

மலாயாவில் மெர்லிமாவுக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம், முப்பதுகளின் தொடக்கம். ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள் அங்கே 'கப்பல் அண்ணன் தம்பி' ஆகிவிடுவார்கள், பிள்ளைகளுக்கும் அந்த முறை செல்லும். செல்லப்பன் சித்தப்பா இரண்டு தடவை கப்பல் ஏறியவர்: முதலில் எங்கள் அப்பாவோடு, ஊருக்குப் போய்த் திரும்பியபோது எதிர் லயத்து வீரனோடு. அந்த வீரனின் மகன் முத்துவுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்திருந்தது. பரிசம் போடும் நேரத்தில் பெரிய கங்காணி தன் பெண்சாதியோடு வந்து அப்பா முன்னால் நின்றார்.

"உனக்குச் செல்லப்பன் தம்பி, செல்லப்பனுக்கு வீரன் தம்பி. அப்போ உனக்கும் வீரன் தம்பிதானே? அண்ணன் தங்கச்சிக்கா பரிசம் போடுறீங்க?"

அப்பா கையிலிருந்த வெற்றிலையைப் பரிசத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். கங்காணியை மீறினால் தோட்டத்தில் வேலை ஏது? அம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள், அக்கா அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரியப்பா, அப்பா வந்த கப்பல்லதானே நீங்களும் வந்தீங்க?"

"ஆமா, ஆள் கூட்டிக்கிட்டு வந்ததே நான்தானே!"

"அப்போ செல்லப்பன் சித்தப்பா உங்களுக்குத் தம்பி. பெரியம்மா அவர்கூட ரெண்டாவது கப்பல்ல வந்தவங்க, அவருக்கு அக்கா. அப்படின்னா பெரியம்மா உங்களுக்கு என்ன முறை?"

கங்காணியின் மீசை துடித்தது. அவர் பெண்சாதிதான் முதலில் சிரித்தார். "பதில் சொல்லுங்கண்ணே!" அவ்வளவுதான், லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "வாயாடிக் கழுதை! போடுங்கடா பரிசத்த," என்று கங்காணியும் தலையைச் சொறிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, வாசலுக்கு வாசல் ஓடிச் சொன்னேன்.

பிற்காலத்தில் மலாக்காப் பட்டணத்தில் கணக்கு டீச்சரானபோது இதற்குக் 'கடப்புத் தொடர்பு' என்று பேர் இருப்பது தெரிந்தது. முதலாவது இரண்டாவதைவிட உயரம், இரண்டாவது மூன்றாவதைவிட உயரம் என்றால் முதலாவது மூன்றாவதைவிட உயரம். உயரம் அப்படிக் கடந்து போகும், கப்பல் உறவு போகாது என்பதை, பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் சேர்த்துக்கொண்டிருந்த என் அக்கா எனக்கு முன்பே நிரூபித்துவிட்டாள்!

இன்று அந்தக் கப்பலும் இல்லை, லயமும் இல்லை, ரப்பர் நின்ற இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. 'கப்பல் அண்ணன்' என்றால் அக்காவின் பேரப்பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்படியே கங்காணியின் மூக்கு. பின்னே? அக்காவின் மூத்த மகளைத் தன் பேரனுக்குக் கேட்டுத் தாம்பாளத்தோடு வந்து நின்றவர் அவரேதான்.