அம்மாவைச் சிரிக்க வைத்த படம்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள். அங்கே ஒரு கல்யாண விருந்துக்குப் போனபோது, தோட்டத்தின் பழைய படமொன்று சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்துக் கூடையோடு சிரித்தவள் என் அம்மா. பக்கத்தில் அப்பா தப்படித்தார். அவர் அடித்த சத்தத்தை எடுத்துவிட்டு யாரோ வயலின் இசை சேர்த்திருந்தார்கள்.

அந்தப் படம் எடுத்தபோது எனக்கு எட்டு வயது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் இருந்த கைக்குழந்தைத் தம்பிக்கு வலிப்பு வந்ததைச் சொல்ல அம்மா கொழுந்து பறித்த மலைக்கு ஓடினேன். அம்மா பதறிக் கூடையை இறக்கினாள். கங்காணி மறித்தார்.

"தொரை படம் புடிக்கிறாரு. சிரிச்சிட்டுப் போ."

அம்மா சிரித்தாள். சரியாக வரவில்லையென்று மறுபடியும் சிரிக்க வைத்தார்கள். படத்துக்காக அடிக்கச் சொன்ன தப்பை அப்பா கங்காணியின் காலடியில் வீசினார். "வா புள்ள" என்று அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் போய்ச் சேருமுன் தம்பி இறந்துவிட்டான். வேலையில் தகராறு செய்ததாக அப்பாவைத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள்.

"இதை நிறுத்துங்க" என்றேன், பரிமாறியவரிடம்.

"வர்றவங்களுக்கு இது புடிக்குமுங்க."

"அது எங்கம்மா. புள்ள சாகுறப்ப சிரிக்க வச்சாங்க!"

விருந்து மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.