மேலேயிருந்து முதுகுதான் தெரியும்

போன கிழமை டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது லண்டன் சட்டன் பகுதியிலிருந்து பாலண்ணையின் மகள் போன் எடுத்தாள். "மாமா, அப்பா விடிய எங்களை விட்டிட்டுப் போட்டார்." இந்த வருடம் முழுக்கச் சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுதான். ஆனாலும் கடை நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

எங்கள் மிச்சம் பகுதியில், பயண முகவரான அவரிடம் விமான டிக்கெட் போடாத தமிழ்க் குடும்பம் இல்லை. வருகிறவர் கலியாணத்துக்குப் போகிறாரா, செத்தவீட்டுக்குப் போகிறாரா என்பதை முகத்திலேயே பிடித்துவிடுவார். செத்தவீடு என்றால் முதலில் தேத்தண்ணி, பிறகுதான் கம்ப்யூட்டர். அந்த மனுசன் ஒருவனுக்கு மட்டும் மாட்டேன் என்றார். அவன் நான்தான்.

போன வருடம் எனக்கு ஐம்பது வயது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான்: நியூசிலாந்தில் ஹெலிகொப்டரில் பறந்து மலையாடு சுடுவது. எனக்கு விசர் பிடித்துவிட்டது. பாலண்ணையிடம் ஓடினேன்.

"உமக்கு நடக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

அவரும் வேட்டைக்காரர்தான். இளவயதில் வன்னியில் பன்றிக்கும் மானுக்கும் காடு காடாய் நடந்தவர். "துவக்கைத் தூக்க முந்தி வயித்தைப் பாக்கவேணும். சினையோ, பால் குடுக்கிறதோ எண்டு. மேலேயிருந்து உமக்கு முதுகுதானே தெரியும்?"

நான் விடவில்லை. "அங்க அது பெருகி மலையைத் திண்டு அழிக்குதாம். அரசாங்கமே ஹெலியிலதான் சுடுது, அண்ணை!"

"ஓம். குறைக்கத்தான் வேணுமெண்டால், தெரிஞ்சவன் போய்க் கெதியாச் செய்துபோட்டு வரட்டும். அது வேலை. நீர் பிறந்தநாளுக்கெல்லோ கேக்கிறீர்."

"டிக்கெட் போடுறதுதான் உங்கட வேலை. எனக்கு ஞாயம் படிப்பிக்க வேண்டாம்!" என்று கத்தினேன்.

"நியூசிலாந்துக்குப் போடுறன். ஹெலிக்குப் போடமாட்டன்."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வேறு இடத்தில் போட்டேன்.

நியூசிலாந்து மலைச்சரிவில் மூன்று ஆடுகள் ஓடின. ஹெலி தாழ்ந்து துரத்தியது. ஒன்று நின்று மேலே பார்த்துவிட்டுத் திரும்பவும் ஓடியது. ஐயோ, அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். ஊரில் ஹெலி வந்து சுட்டபோது, ஒளிக்க இடமில்லாமல் வயல்வெளியில் நான் ஓடிய ஓட்டம் அது. துவக்கு என் மடியிலேயே கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து என் பக்கத்தில் இருந்த மச்சான்தான் சுட்டான்.

திரும்பி வந்து பிறந்தநாள் விழாவில் என்ன செய்தேன்? ஆட்டின் கொம்பைப் பிடித்தபடி நிற்கும் படத்தைக் காட்டி, ஒரே வெடியில் விழுத்தினேன் என்று புழுகினேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் கைதட்டினீர்கள். கோபத்தை மறந்து வந்திருந்த பாலண்ணை ரோல்ஸைக் கடித்தபடி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "வயிறு பாத்தனீரோ?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப ஏன்காணும் இந்தப் புழுகு?"

"வெக்கம், அண்ணை. அவ்வளவு தூரம் போய்ச் சுடாமல் வந்தவன் எண்டு சிரிப்பினம்."

"சுட்டவனுக்கு வெக்கமில்லை, சுடாதவனுக்கு வெக்கமோ? நல்ல கதை!" வயிறு குலுங்கச் சிரித்தார். "சொல்லுறது உம்மட பாடு. நான் வாய் திறக்கமாட்டன்." கடைசிவரை திறக்கவில்லை. என் புழுகை எத்தனை வீட்டில் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார்! ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை.

செத்தவீட்டுக்கு மச்சான் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தான். பாலண்ணையைப் பற்றி எழுதும்போது உண்மையை எழுதப்போகிறேன் என்றேன்.

"என்னையும் எழுது. கிட்டப் போய்ப் பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சது, அது பால் குடுத்துக்கொண்டிருந்த ஆடு. உன்னட்டைக்கூடச் சொல்லேல்லை, மச்சான். இனிமேல் ஹெலியில ஏறமாட்டன்."

பாலண்ணையை அறிந்தவர்களே, படத்தில் இருக்கும் அந்த ஆட்டை நான் சுடவில்லை. ஹெலியில் ஏறியது பிழை, சுடாமல் இறங்கியது சரி. இதை வெட்கமில்லாமல் சொல்ல ஒரு வாய் எனக்கு வந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.