அம்மாவுக்கு நான் கொடுத்த கோச்சிங்

பதினொரு வயதில் நான் ஒரு டிரைவிங் கோச்சாக இருந்தேன். என்னிடம் படித்தது ஒரே ஒருவர்தான். எங்கள் அம்மா. அவருக்கு லைசென்ஸ் உண்டு, எனக்குக் கிடையாது என்பதை வீட்டில் யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. அம்மா சயின்ஸ் டீச்சர். அந்த வருஷம் அவருக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. ஜூனிலிருந்து நானும் அங்கேயே ஆறாம் வகுப்பு சேர்வதாக ஏற்பாடு. பஸ்ஸில் போனால் குன்னூரில் இறங்கி மாறி, முதல் பெல் அடித்து ஓய்ந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். ஆகவே எங்கள் பழைய காரை அம்மா ஓட்ட, நான் கூடப் போக வேண்டும். இல்லையென்றால் எனக்கு ஊட்டியில் ஹாஸ்டல்.

ஹாஸ்டல் என்றாலே என் வயிறு கலங்கும். அம்மா கார் சாவியைக் கையில் எடுத்தாலும் அதே வயிறு அதே மாதிரி கலங்கும். அதுதான் சிக்கல்.

முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மா ஓட்டி வந்தபோது, டீ எஸ்டேட் ஓரம் ஒரு வளைவில், சில்வர் ஓக் இலைகள் நனைந்து ரோட்டோடு ஒட்டிக் கிடந்த இடத்தில், கார் வழுக்கியது. பின்பக்கம் வீசிச் சுழன்று, ஓரத்துக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றுகொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். நான் போட்ட சத்தத்துக்கு, எஸ்டேட்டில் வேலை முடிகிற சங்கு ஊதிவிட்டது என்று அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாததே அதிசயம்.

அதற்குப் பிறகு அம்மா ஓட்டினால் நான் ஏறுவதில்லை. பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. சாவிச் சத்தம் கேட்டால் தலை வலிக்கும், இல்லையென்றால் ஒரு கால் ஷூ காணாமல் போகும். "எங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாது" என்று குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரு பொது அறிவிப்பும் கொடுத்து வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கோயமுத்தூர் மாமா, அம்மாவின் தம்பி, புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால் தன் பழைய கம்ப்யூட்டரையும், அதில் ஒரு கார் ரேஸ் கேமையும், ஸ்டியரிங் பெடல் செட்டையும் எனக்குத் தள்ளிவிட்டார். ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேஜையில் முடுக்கினோம். பெடல், மிதித்தால் வழவழப்பான தரையில் நழுவி ஓடியது. பின்னால் காலி கேஸ் சிலிண்டரை முட்டுக் கொடுத்ததும் நின்றது.

அது சும்மா விளையாடுகிற கேம் அல்ல. ஓட்டுவதற்கு முன்னால் ஒரு பக்கம் வரும். டயரில் எவ்வளவு காற்று, ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், பிரேக்கில் முன்சக்கரத்துக்கு எத்தனை பங்கு, பின்சக்கரத்துக்கு எத்தனை, பின்னால் இருக்கும் இறக்கை எவ்வளவு சாய்வு, எல்லாம் நாமே வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கடைசி வரை கூட்டிவைத்தால் கார் கடைசி வரை நன்றாக ஓடும் என்பது என் கொள்கை. முதல் வளைவிலேயே கார் பம்பரமாய்ச் சுற்றியது. மாமாவுக்குப் போன் போட்டேன். "மாப்ள, நீ செட்டப் பண்ணல. காரோட பழைய பகையைத் தீத்திருக்க" என்றார்.

பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார்:

"ஏங்கண்ணு, எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்துனா எதுனால கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? ஒன்ன மட்டும் மாத்து. ஓட்டிப் பாரு. அப்புறம் இன்னொன்னு."

சயின்ஸ் டீச்சர் வேறென்ன சொல்லுவார் என்று அலட்சியமாக இருந்தேன். வேறு வழியில்லாமல் செய்தும் பார்த்தேன். பிரேக்கை முன்பக்கம் கொஞ்சம் கூட்டியதும் வால் வீசுவது குறைந்தது. இறக்கையை நிமிர்த்தியதும் வேக வளைவில் பின்பக்கம் தரையில் அமர்ந்தது. ஆனால் அளவு மீறினால் வேறு தொல்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் காரின் மூக்கு நேராகவே போகும், மாமியார் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிற மாப்பிள்ளை மாதிரி. ஒரு வாரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிற வயது அது.

அப்பா அதைக் கவனித்திருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார்:

"அம்மாளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறயில்ல? அப்ப நீயே சொல்லிக் குடு. நீ எப்ப சரிங்கறயோ அப்பக் கார். நீ சரின்னே சொல்லலைன்னா ஹாஸ்டல்."

"ஏனுங்க, கோச்சுக்கு ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார் அம்மா, சிரிக்காமல்.

அந்த மே மாதம், நான் போர்வைக்குள் இருக்கும்போதே அம்மா புதுப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் வேலை என்று கிளம்பிப் போய்விடுவார். மதியம் வருவார். கேம் சத்தத்தில் அவர் வருவதே எனக்குக் கேட்காது. சாப்பிட்டு, டீ குடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன் உட்காருவார். நான் பின்னால் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி ஒரு மாணவர் எந்தக் கோச்சுக்கும் வாய்க்கக் கூடாது. ரேஸ் தொடங்கியதும் எல்லாக் காரும் பாயும். அம்மா இடப்பக்கம் ஒதுங்கி எல்லோருக்கும் வழி விடுவார். "அவங்களுக்கு என்ன அவசரமோ, போகட்டும்." ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் பட்டனைத் தேடுவார். அந்தக் காரில் ஹாரனே இல்லை என்றதும், "இதையெல்லாம் எப்படி ரோட்ல உட்டாங்க?" என்று வருத்தப்பட்டார்.

வளைவில் திரும்பும் வித்தையை விளக்கினேன். நேராக இருக்கும்போதே பிரேக் போட வேண்டும். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால்தான் வேகம் குறையாது. ரோடு முழுக்க நம்முடையது.

"அந்தப் பக்கம் போனா எதிர்ல வர்ற லாரிக்காரன் எங்க போவான் சாமி?"

"எதிர்ல யாரும் வர மாட்டாங்கம்மா. இது ஒன்வே."

"உங்கிட்டச் சொல்லிட்டா வருவான்?"

கடைசி வரை அவர் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அந்த ரோட்டில் நடுக்கோடே கிடையாது. அம்மாவே மனசுக்குள் ஒன்று போட்டுக்கொண்டார்.

ஒரு மதியம் மேகம் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிக் கிடந்தது. கேமில் மழை வைக்க முடியுமா என்று அம்மா கேட்டார். வைத்தேன். "அன்னைக்கு நம்ம வண்டி எப்படி வழுக்குச்சு? அதை இதுல பண்ணிக் காட்டு பாக்கலாம்" என்றார்.

எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் கோச் என்றால் கோச். நேராகப் பிரேக் போட்டுத் திருப்பினேன், வழுக்கவில்லை. மெதுவாகப் போனேன், வழுக்கவில்லை. திருப்பிக்கொண்டே பிரேக்கை ஓங்கி மிதித்தேன். அன்று போலவே பின்பக்கம் வீசியது. அதே சுழல். அதே நிற்றல். மறுபடி செய்தேன். மறுபடி வீசியது. மிதியைக் கொஞ்சம் விட்டால் கார் தானே நிமிர்ந்துகொண்டதையும் பார்த்தேன்.

"பாதித் திருப்பத்துல மிதிச்சிட்டீங்கம்மா. அதான்."

"ஆமா கண்ணு. மிதிச்சிட்டேன்" என்றார் அம்மா. "இன்னொருக்காக் காட்டு."

அன்று சாயங்காலம் வரை காட்டினேன். கடைசியில், வேண்டும்போது வழுக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் என் கைக்கு வந்துவிட்டது. அம்மா பாடத்தை மறந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அவ்வளவு தடவை ஓட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறக்கும் முன் தேர்வு வைத்தேன். மழையில் ஐந்து சுற்று. எங்கும் முட்டக் கூடாது. அப்பா டீயோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முன்னால் போன கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புல்லில் கிடந்தன. அம்மா அவற்றுக்கு அருகில் வேகம் குறைத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக வந்தார். கார் மட்டும் கடையில் வாங்கியது போல இருந்தது.

"என்னங் கோச், பாஸா?" என்றார் அப்பா.

நான் வெகு நேரம் யோசிப்பது போல நின்றேன். உண்மையில் என் வயிறு என்ன சொல்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. "பாஸ்" என்றேன்.

ஜூனில் முதல் நாள் தூறல். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் "பிரேக்... இப்ப விடுங்க... திருப்புங்க" என்று நான் சொல்ல, அம்மா அப்படியே செய்தார். அந்த எஸ்டேட் வளைவும் வந்தது, போனது. போன பிறகுதான் அதுதான் அது என்று கவனித்தேன்.

பள்ளிக்கூட கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் குடையோடு ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர். மே மாசம் பூரா நீங்க நிறுத்துன எடத்துல வேற வண்டிய விடலீங்க. அங்கயே நிறுத்திக்கங்க."

அம்மா எட்டிப் பார்க்காமலே ஒரே திருப்பில் காரைப் பின்னால் எடுத்து, சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் சொருகினார். நான் இறங்கி, எங்கம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று வாட்ச்மேனிடம் தெரிவித்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மிகவும் மரியாதையாக ஆமாம் என்று தலையாட்டினார்.

நல்ல பள்ளிக்கூடம்தான், டீச்சர்களுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வகுப்பைத் தேடிப் போனேன்.