மூர்ஹென் சாருக்கு ஒரு மெயில்

கொரட்டூர் தசரதனுக்கு வயது முப்பத்தொன்பது. பதினாறு வருடமாக மென்பொருள் வேலை, அதிலும் யார் கண்ணிலும் படாத வேலை. திரையில் பொத்தானைத் தட்டுவதோடு நம் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு உள்ளே நடக்கும் கூத்தையெல்லாம் கட்டி மேய்ப்பவர் அவர். எதிர் வீட்டுக்காரன் என்ற முறையில் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பொறுமையில்லாதவர்கள் ஒரே பொத்தானை இரண்டு தடவை தட்டினாலும் பணம் ஒரே தடவைதான் போக வேண்டும். அதற்கென்று ஒரு நிரலை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்தார். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பழுதுபார்த்தும் வருகிறார். எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. அவர் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியும் எடுத்துக்கொண்டது. கூத்தைப் பாருங்கள், அங்கே வெளிவேலை செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இலவசமாகச் செய்தாலும் வெளிவேலைதானாம். அதனால் மனிதர் மூர்ஹென் என்ற பெயரில் ஒளிந்துகொண்டார். எங்கள் ஏரியில் திரியும் நீர்க்கோழிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். மேலாளர் கிரணோ, மூர்ஹென் யாரோ ஜெர்மன்காரர் என்று முடிவுகட்டிவிட்டார்.

நிரலில் ஏதாவது கோளாறு என்றால் கிரண் தசரதனைத்தான் கூப்பிடுவார். "மூர்ஹென் சாருக்குப் பணிவா ஒரு மெயில் போடுங்க."

தசரதன் பணிவாகப் போடுவார். 'சம்பளமில்லாமல் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்' என்று மூர்ஹெனிடமிருந்து பதில் வரும். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தசரதன் சரிசெய்வார். திங்கட்கிழமை கிரண், "பாத்தீங்களா? இந்த மாதிரி ஆளுங்ககிட்ட கத்துக்கணும்" என்பார். தசரதன் தலையாட்டுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன மார்ச்சில் ஆட்குறைப்பு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கிரண் அவரை அறைக்குள் அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தசரதன். உங்க வேலை வெளியில தெரியவே மாட்டேங்குது. உங்க இடத்துக்கு மூர்ஹென் சாரைக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குத்தான் அவரு பழக்கம். போறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுடுங்க."

உண்மையைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். இந்த வயதில் வேறு வேலை லேசில் கிடைக்காது. மகள் பத்தாம் வகுப்பு. சொன்னபடியே மெயிலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், மனைவி தேவிப்பிரியாவிடம் அழுதேவிட்டார்.

"இதுக்கா அயுவுறீங்க?" என்றார் அந்த அம்மாள். "பதில் போடப் போறதும் நீங்கதான? உங்களப் பத்தி நீங்களே நாலு வார்த்தை நல்லா எய்துங்க. வேற எவன் எய்தப் போறான்?"

ஞாயிற்றுக்கிழமை மூர்ஹென் பதில் போட்டார். 'வேலைக்கு வர விருப்பமில்லை. உங்கள் ஆபீசில் கோளாறை ஒழுங்காக விளக்கத் தெரிந்தவர் தசரதன் ஒருவர்தான். அவர் அங்கே இருக்கும்வரை உங்கள் கோளாறுகளை முதலில் பார்ப்பேன்.' இதை எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று தடவை அழித்தாராம். தன்னைப் பற்றி நல்லதாக அவர் ஒரு வரி எழுதியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஆட்குறைப்புப் பட்டியலிலிருந்து தசரதன் பெயர் போய்விட்டது. கிரண் தோளில் தட்டி, "எவ்ளோ பெரிய மனசு பாருங்க அவருக்கு! அவரு சொன்னதாலதான் உங்களுக்கு இன்னிக்கு வேலை இருக்கு. நன்றி சொல்லி ஒரு மெயில் போடுங்க" என்றார்.

தசரதன் போட்டார். உண்மையான நன்றியோடுதான் போட்டேன் என்கிறார், நம்புகிறேன்.

புதன்கிழமை கிரண் கேட்டார். "பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார். பாவம், அவருக்கு ஞாயித்துக்கிழமைதான் நேரம் கிடைக்கும்."