பழைய வீட்டுக்குத் திரும்பும் கால்கள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் நான் மறுபடியும் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

மறுபடியுமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், மறுபடியும்தான். முதல் தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள் — சிரித்துவிட்டுப் போங்கள்.

ராயபுரத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் எண்ணூருக்குக் குடி போய் அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாரிஸ் கார்னரில் ஆபீஸ் விட்டதும் மேற்கே திரும்பி, சென்ட்ரலுக்குப் போய் ரயில் ஏற வேண்டியவன், பதினெட்டு வருஷப் பழக்கத்தில் வடக்கே திரும்பி நடந்தேன். தலைக்குள் பத்திரிகையில் இந்தப் பக்கத்துக்கு இந்த வாரம் என்ன எழுதுவது என்கிற கவலை. கால்கள் தம் பாட்டுக்குப் போயின. சந்துக்குள் நுழைந்து, படியேறி, செருப்பைக் கழற்றி, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, "காபி!" என்று குரல் கொடுத்தேன்.

ஆணி இருந்தது. குடையும் மாட்டிக்கொண்டது. காபி மட்டும் வரவில்லை.

இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் கரண்டியுமாக ஒரு பெண் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா சார், யாரு நீ? வூடு மாறி வந்துகினியா?"

அவள்தான் கன்னியம்மா. எங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குக் குடி வந்தவள். புருஷன் ஆறுமுகம், ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். நான் யார் என்பதைச் சொல்லி அசடு வழிந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வந்தது வந்துட்ட, ஒரு வாய் டீ குட்சிட்டுப் போ சார்" என்று உட்கார வைத்துவிட்டாள்.

அது கால்கள் செய்த தப்பு. சரி. இரண்டாவது வியாழக்கிழமை? மூன்றாவது? போன வாரத்தோடு பதினைந்து தடவையாவது ஆகியிருக்கும். கால்களுக்கு அத்தனை மறதியா?

எண்ணூர்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இரண்டு வாரம் எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பட்டணத்துப் புகையை விட்டு வெளியே வா, நுரையீரல் விரியும், ஆயுள் கூடும் என்றெல்லாம் அளந்தேனே! அதைப் படித்துவிட்டுப் பல்லாவரத்திலிருந்து ஒரு வாசகர், அங்கே வீடு காலி இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தார். ஐயா, பல்லாவரத்திலேயே இருங்கள். காற்றுக்காக நான் எண்ணூர் போகவில்லை. ஓடிப் போனேன்.

எனக்கு ஒரே பிள்ளை. துரை. இப்போது அவனுக்குப் பத்தொன்பது நடக்கிறது. படிக்க அனுப்பினால் ஹார்பர் சுவர் ஓரம் நின்று கப்பல் பார்த்துக்கொண்டிருப்பான். புகைக்கூண்டின் வர்ணத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனிக் கப்பல் என்று சொல்லிவிடுவான். ஒரு நாள் வந்து, "கப்பல்ல வேலைக்குப் போறேன்பா, ஆள் எடுக்கறாங்க" என்றான்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதுவும் நாக்கில் சனி. சந்தில் நாலு பேர் பார்க்க அவனை அறைந்தேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை. அதோடு நிறுத்தினேனா? "போறதானா போ. அப்புறம் இந்தப் படியை மிதிக்காதே!" என்றேன்.

பையன் போய்விட்டான். ஒரு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'அம்மாவுக்கு, கப்பலில் சமையல்கட்டில் இருக்கிறேன், சௌக்கியம்' — அவ்வளவுதான். அப்பா என்கிற வார்த்தையே அதில் இல்லை. பதில் எழுத விலாசமும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக ஒரு தகவலும் கிடையாது.

சந்துக்காரர்கள் நல்லவர்கள். அதுதான் தொல்லை. பால்காரர் கேட்பார். சவரம் செய்கிறவர், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். "பையன்கிட்டேருந்து தகவல் உண்டா சார்?" கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசும். அறைந்ததைப் பார்த்தவர்கள் அல்லவா! யாருக்கும் என்னைத் தெரியாத ஊராகப் பார்த்தேன். ரயில் போகிற தூரத்தில் எண்ணூர் இருந்தது.

சாமான் ஏற்றிய அன்று என் மனைவி லோகநாயகி வண்டியில் ஏறாமல் வாசலிலேயே நின்றாள்.

"அவன் வந்தா?"

"போஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். கடுதாசி வந்தா எண்ணூருக்குத் திருப்பி அனுப்புவாங்க."

"கடுதாசியை அனுப்புவாங்க. அவனே வந்தா?"

"வண்டிக்காரன் எவ்வளவு நேரம் நிப்பான், ஏறு!" என்று கத்தினேன். பதில் தெரியாத ஆண்பிள்ளைகள் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவள் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

எண்ணூர் சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் சவுக்குத் தோப்பும் ரயிலும். காலையில் ஒரே வண்டியில் ஒரே முகங்கள். ஒரு நாள் நான் போகாவிட்டால் மறுநாள், "இன்னா சார், ஒடம்பு சொகமில்லியா?" என்று ஐந்து பேர் விசாரிப்பார்கள். சட்டைக் காலரில் கரித்தூள், வாயில் உப்பு. சாயங்காலம் வீடு வந்ததும், "ஊர் பழகிடுச்சா?" என்று லோகுவைக் கேட்பேன். "நல்லாத்தானே இருக்கு" என்பாள். நானும், "காத்து என்ன சுகமா வருது பார்" என்பேன். வியாழக்கிழமைகளில் மட்டும், "பிரஸ்ஸில் வேலை ஜாஸ்தி, ரெண்டு வண்டி தள்ளித்தான் வருவேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் நம்பினாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா வீட்டில் நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "யாராவது தேடி வந்தாங்களா?" அவள் சொல்வதும் ஒரே பதில். "வர்லியே சார்." பிறகு டீ குடிப்பேன். குழந்தைக்கு ஒரு பிஸ்கோத்து கொடுப்பேன். கிளம்பிவிடுவேன். யார், எவர் என்று அவள் கேட்டதே இல்லை. அவளுடைய பெருந்தன்மையை நான் ரொம்ப மெச்சிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை அவள் டீயை வைத்துவிட்டு எதிரிலேயே குந்திக்கொண்டாள். முகம் சரியாக இல்லை.

"சார், இந்த வூட்ட வித்துட்டாங்களாம். தை பொறந்தா இடிச்சிட்டு கொடவுன் கட்டப் போறாங்களாம். நாங்க கொருக்குப்பேட்டைப் பக்கமா வூடு பாத்துகினு கீறோம்."

டம்ளரைக் கீழே வைத்தேன். இடித்துவிட்டால்? அந்தப் பையனுக்கு உலகத்தில் தெரிந்த விலாசம் அது ஒன்றுதானே! கப்பலை விட்டு இறங்கி, சந்துக்குள் ஓடி வந்து, வீடு இருந்த இடத்தில் கோணி மூட்டைகளைப் பார்த்தால் அவன் என்ன நினைப்பான்? படியை மிதிக்காதே என்று சொன்ன அப்பன், படியையே பேர்த்து எடுத்துவிட்டான் என்றுதானே?

"அக்காவும் இதக் கேட்டு மத்தியானம் அய்துகினே போச்சு சார்" என்றாள் கன்னியம்மா.

"எந்த அக்கா?"

"எந்த அக்காவா? உங்க வூட்டு அக்காதான்!" அவளுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு எங்கையில அடிச்சு சத்தியம் வாங்கிகிச்சு. போவட்டும், சாமி என்னை ஒண்ணும் செய்யாது. அது மத்தியானம் வருது, நீ சாய்ங்காலம் வர்றே. அதுவும் 'யாராச்சும் வந்தாங்களா'ன்னு கேக்குது, நீயும் அதையே கேக்குற. மெய்யாலுமே கேக்குறேன், ரெண்டு பேரும் ஒரே வூட்லதான கீறீங்க? ஒரு தபா ஒண்ணா வந்தா இன்னா சார்?"

பிஸ்கோத்தை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

"எங்க வூட்டுக்காரராண்ட அக்கா சொல்லி வச்சிகீது. ஒவ்வொரு கப்பலா போயி, 'துரைன்னு ஒரு புள்ள சமையக்கட்டுல கீதா'ன்னு கேட்டுகினுதான் மூட்டையில கை வைக்கிறாரு. தோஸ்துங்கல்லாம் அவர கிண்டல் பண்றாங்க. பண்ணிக்கட்டும் போ. ஆனா கப்பல்ல வந்தாத்தான நாங்க பாக்க முடியும்? ரயில்ல வந்து நிண்ணா, வூடும் இல்ல, நாங்களும் இல்லன்னா... எங்க போவும் சார் அந்தப் புள்ள?"

லோகு வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை கத்துவதற்கு வண்டிக்காரனும் இல்லை.

கொருக்குப்பேட்டை வரை நடந்து போய் ரயில் பிடித்தேன். கூட்ஸ் வண்டிக்கு வழி விட்டு எங்கள் வண்டி அரை மணி நின்றது. அந்த அரை மணியில் ஒரு முடிவுக்கு வந்தேன். லோகு போய் வருவது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அவள் மறைத்தது அவளோடு இருக்கட்டும். வீட்டை இடிக்கப் போகிற விஷயத்தை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் லோகு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"லோகு, நம்ம ராயபுரத்து வீட்டை வித்துட்டாங்களாம். இடிக்கப் போறாங்களாம். ஆபீஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்க."

"ஆபீஸ்ல யாரு, கன்னியம்மாவா?" என்றாள் நிமிராமலே.

பார்த்தீர்களா! உலகத்துக்கே பத்தி எழுதுகிறவனை ஒரு கீரைக் கட்டுக்கு முன்னால் மடக்கிவிட்டாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணாவது வாரமே தெரியும். குடையை அங்கே மறந்து வச்சிட்டு, 'ரயில்ல தொலைஞ்சு போச்சு'ன்னு சொன்னீங்க. மறு வியாழக்கிழமை நான் போனப்ப ஆணியில தொங்குது. எடுத்துட்டு வரலாம்னுதான் நினைச்சேன்."

"ஏன் எடுக்கலே?"

"எடுத்தா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு ஆயிடும். வெட்கப்பட்டுக்கிட்டு நீங்க போறதை நிறுத்திடுவீங்க. நீங்களும் போய்க் கேக்கறீங்கன்னு இருந்தா... எனக்கு அது ஒரு தைரியமா இருந்துச்சு."

அப்போது அழுதேன். ஐம்பது வயசு ஆம்பிளை, காலரில் கரித்தூளோடு, கீரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில், ஒரே துக்கத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். இதற்குப் பெயர் குடித்தனமாம்!

லோகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்திரிகையில ஊர்க்கதை எல்லாம் எழுதறீங்களே, இதை எழுதுங்களேன்" என்றாள்.

"அது எப்படி? சொந்த விஷயத்தை அதிலே எழுதக் கூடாது லோகு. வாசகர்கள் என்ன நினைப்பாங்க?"

"காத்து நல்லா இருக்குன்னு ரெண்டு வாரம் எழுதினீங்களே, அது யாரோட விஷயம்?"

இந்தத் தடவை நான் கத்தவில்லை. பேனாவை எடுத்தேன்.

அவன் இதைப் படிப்பானா? எனக்குத் தெரியாது. கொழும்புக் கடைகளில் இந்தப் பத்திரிகை தொங்குகிறது என்கிறார்கள். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கட்டுக் கட்டாகப் போகிறதாம். வீட்டில் இருந்தபோது நான் எழுதியதை அவன்தான் முதலில் படிப்பான் — தப்புக் கண்டுபிடிப்பதற்காக! வாசகர்களே, உங்களில் யாராவது கப்பல்காரர்களைக் கண்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். இந்த வாரம் மிச்ச இடத்தை என் பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள்.

துரை, ராயபுரத்துக்குப் போகாதே. அங்கே நாங்கள் இல்லை. சென்ட்ரலில் வடக்கே போகிற வண்டியில் ஏறி எண்ணூரில் இறங்கு. ஸ்டேஷன் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் 'பத்திரிகைக்காரர் வீடு' என்று கேள். கல்லாவை விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சவுக்குத் தோப்பைத் தாண்டி மூன்றாவது வீடு. கதவைத் தட்ட வேண்டாம், திறந்துதான் இருக்கும். அப்பாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிடாதே, ராஜா.

அது உன் வேலை இல்லை. என் வேலை.