அளவுகோல் வரை ஒன்பது படிகள்

கால்வாயின் அளவுகோலுக்கு இறங்க ஒன்பது படிகள் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் ஏழு மாதத்தில் நான் மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. அதைக் கவனிக்க அங்கே ஆளும் இல்லை.

பாசன உதவியாளர் வேலை. லோயர் கேம்ப் மின் நிலையப் பக்கமிருந்து வரும் தண்ணீர் பிரிந்து ஓடும் ஒரு கால்வாய்க் கரையில், எனக்கு ஒற்றை அறை. காலை ஆறு மணிக்குச் சுவரில் பதித்த அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, நோட்டில் எழுதி, அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் கீழே எந்த மடையை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வார்கள்.

சரியாகப் பார்க்க ஏழாவது படியில் நிற்க வேண்டும். அங்கே தண்ணீர் முழங்காலுக்கு வரும். படியெல்லாம் பாசி. அளவுகோல் தொடங்கும் இடத்துக்குக் கீழேயும் ஆள் ஆழம் உண்டு; வழுக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். நீந்தத் தெரிந்தவன் கொஞ்ச தூரத்தில் கரை ஏறிவிடுவான். எனக்கு நீந்தத் தெரியாது.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா, சித்தப்பா, அக்கா, எல்லாரும் வேலைக்குப் போன தோட்டங்களின் கிணறுகளில் குதித்துப் பழகியவர்கள். எழுதப் படிக்கத்தான் யாருக்கும் தெரியாது. ஆறு வயதில் என்னை மட்டும் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் கிணற்றில் விழுந்து எழுந்த வருடங்களில், நான் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றேன். லீவுக்கு வந்தபோது என் வயதுப் பயல்கள் மீன் மாதிரி இருந்தார்கள். கிணற்று மேட்டில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். படிக்கிற பிள்ளை, விடுங்கடா என்பார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று, மடையைத் திறந்து அடைக்கும் அண்ணன் என்னைக் கரையெல்லாம் நடத்திக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். கடைசியில் கேட்டார்.

“நீச்சல் தெரியும்ல தம்பி?”

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய்.

அவர் தினமும் சாயங்காலம் பாலத்திலிருந்து குதித்துக் குளிப்பார். “வாங்க தம்பி, ஒரு முங்கு போட்டா ஒடம்பு வலியெல்லாம் பறந்துரும்” என்பார். எனக்குச் சளி என்பேன். “நாலு மாசமாவா சளி? ஆஸ்பத்திரிக்குப் போங்க, நாட்டுக்கே பரப்பிராதீக” என்று சிரிப்பார். அந்தக் கரையில் என்னோடு பேசிச் சிரித்த ஒரே ஆள் அவர்.

அளவை நான் பார்த்த விதம் இதுதான். மூன்றாவது படியில் நின்று, கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் படம் எடுப்பேன். பிறகு அறைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்து எழுதுவேன். கல்லும் தண்ணீரும் சேரும் கோடு நன்றாகத் தெரியும். மூன்று புள்ளி நாலு. மூன்று புள்ளி ஐந்து. என் நோட்டு சுத்தமாக இருக்கும். எழுத்து அழகாக இருக்கிறது என்று அலுவலகத்தில்கூடச் சொன்னார்கள்.

ஒருநாள் கரையோரமாக ஒரு அம்மா நடந்து வந்தார். கையில் ஒரு பிடி நாற்று, நுனியெல்லாம் மஞ்சள். கடைமடையில் நிலம்.

“நீதானப்பா அளவு எழுதுறது?”

“ஆமாம்மா.”

“ஆபீசுல கேட்டா மூணரை அடி ஓடுதுங்கிறாக. எங்கன ஓடுது? வந்து காட்டு. உன் நோட்டுல இருக்கிற தண்ணியவா நான் நாத்துக்குப் பாய்ச்ச?”

நாற்றை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று பகல் முழுவதும் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் தேங்காய் மட்டை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் மட்டம் என்று எழுதிய கோட்டுக்கு அரை அடி கீழே மிதந்தது.

மேலே மின் நிலையத்தில் ராத்திரி மின்சாரம் எடுப்பதைக் குறைத்தால், வரத்து குறைந்து விடிவதற்குள் மட்டம் இறங்கிவிடும். சுவரில் ஈரம் மட்டும் காயாமல் நிற்கும். விடியல் வெளிச்சத்தில் ஈரக் கல்லும் தண்ணீரும் ஒரே கறுப்பு. நான் எழுதி வந்தது அந்த ஈரக் கோட்டை. தண்ணீர் நிறைய வருகிறது என்று நம்பி மேல்மடைகளைத் தாராளமாகத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைமடைக்கு மிஞ்சவில்லை.

இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் இறங்கிப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எண் சரியாக இருக்கும்போது தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தவர்கள், மடையைத் திறந்தவரைப் பிடித்தார்கள். சொந்தக்காரர்களுக்காகக் கூடுதலாகத் திறந்துவிட்டார் என்று பேச்சு. பத்து நாளில் அவரை ஆண்டிபட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

போகும்போது சைக்கிளை நிறுத்திச் சொன்னார். “நான் மடைய ஒரு விரக்கடை கூட அதிகமாத் தூக்கல தம்பி. நீங்களாச்சும் நம்புங்க.”

“நம்புறேண்ணே” என்றேன்.

அதற்குப் பிறகு ஈரக் கோட்டிலிருந்து அரை அடி கழித்து எழுதினேன். அதுவும் ஊகம்தான். சாயங்காலம் பாலத்தடியில் தண்ணீரைத் தவிர வேறு சத்தம் இருக்காது. சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்திருக்கிறேன். காலையில் போனில் எண்ணைச் சொல்லும்போது குரல் கரகரக்கும்.

கோடையில் கால்வாயை அடைத்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தேனியில் ஒரு நீச்சல் குளத்துக்கு ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். பெரியவர்கள் வகுப்பில் நானும், போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரும் மட்டும். அவரை முட்டி வலிக்காக டாக்டர் அனுப்பியிருந்தார். கம்பியைக் கட்டிப் பிடித்தபடி, “ஏலக்காய்ச் சண்டு, பதருகூட மெதக்குது தம்பி, நான் மெதக்க மாட்டேங்கிறேன்” என்பார். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என்னைவிட வயது குறைவு. “சார், மூச்ச உள்ள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? வெளிய விடுங்க” என்று கத்துவான்.

மூன்று வாரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே போனது. தரையிலிருந்து கால் விடுபடும் அந்த நொடியில் உடம்பு முழுவதும் கையாகிக் கம்பியைத் தேடும். வெட்கமாக இருக்கும். வெட்கத்தைவிடப் பயம் பெரியதாக இருக்கும். நான்காவது வாரத்திலிருந்து வியாபாரி வரவில்லை. அடுத்த பக்கத்தில் அப்பாக்கள் பிள்ளைகளின் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். என் வயிற்றுக்குக் கீழே தண்ணீர்தான்.

ஆறாவது ஞாயிறு பையன் என்னை மல்லாந்து படுத்துப் பார்க்கச் சொன்னான். காது இரண்டும் உள்ளே போனதும் உலகத்தின் சத்தம் நின்றது. என் மூச்சு மட்டும் கேட்டது. கால்வாய்க் கரையில் மாதக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதானே என்று தோன்றியது. கையைத் தளர்த்தினேன். முதுகுக்குக் கீழே ஏதோ வந்து தாங்கியது. அங்கே ஒன்றும் இல்லை.

பத்தாவது ஞாயிறு குளத்தை அகலவாக்கில் கடந்தேன். மறுபக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். பையன் வேறு யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தான். ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்பாவைக் கூப்பிட்டேன்.

“நீச்சல் கத்துக்கிட்டேன்ப்பா.”

“அதப் போயி யாராச்சும் கத்துக்கிடுவாகளா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப இத்தன நாளா தெரியாதா? தண்ணிக் கரையிலதானய்யா வேல பாக்குற?”

“ஆமாப்பா.”

“சொல்லவே இல்லையேய்யா.” “ஆஸ்டல்ல விட்டப்ப அதெல்லாம் எனக்குத் தோணலப்பா” என்றார். சின்னமனூர் தாண்டும்வரை இருவரும் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை.

மறுபடி தண்ணீர் திறந்த மறுநாள் காலை, செருப்பை மேலே விட்டுவிட்டு இறங்கினேன். நாலு. ஐந்து. ஆறாவது படியில் குளிர் கணுக்காலைப் பிடித்தது. ஏழில் முழங்கால் வரை வந்து இழுத்தது. பயம் போயிருந்தது என்று எழுத ஆசை. போகவில்லை. கூடவே நின்றது. குனிந்து பார்த்தேன். ஈரக் கோடு மூன்று புள்ளி மூன்றில் இருந்தது. தண்ணீர் இரண்டு புள்ளி எட்டில் அசைந்துகொண்டிருந்தது.

அங்கேயே நின்று போன் செய்தேன்.

“ரெண்டு எட்டு சார்.”

“திறந்த மறுநாளே இவ்வளவு கம்மியா? சரியாப் பார்த்தியா?”

“இறங்கிப் பார்த்தேன் சார்.”

“எப்பவும் இறங்கித்தானப்பா பார்க்கணும்?”

“கால்வாய அடைக்கிறதுக்கு முன்னால ஒருநாளும் இறங்கல சார். ஈரத்தைப் பார்த்து எழுதிட்டேன். மடை அண்ணன் கூடுதலாத் திறக்கல. என் அளவுதான் தப்பு.”

அந்தப் பக்கம் ஒரு பேனா மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. “எழுதிக் கொடு. கையெழுத்துப் போட்டு” என்றார். “என்ன நடக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

“சரிங்க சார்.”

அதன் பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்திலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதில் தொடங்கி, நம்புறேண்ணே என்று சொன்னது வரை. வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

“இப்ப எங்கன நிக்கிற?” என்றார். முதல் தடவையாக ஒருமையில்.

“படியிலண்ணே. ஏழாவது படி.”

“அதுல பாசி இருக்கும்” என்றார். “பாத்து ஏறு.”

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தினமும் காலையில் ஏழாவது படிக்கு இறங்குகிறேன்.